கிள்ளான் பட்டணத்தின் சரித்திரம்

சரித்திரம் என்றவுடன் நம்மவரிற் பெரும்பாலோர்க்கு நினைவில் எழுவன அரசர் பெயர்களும் யுத்தம் நடந்த ஆண்டுகளுமேயாகும். நாம் படித்தது ஆங்கிலப் பள்ளியில். தேம்ஸ் நதிக்கரையில் லண்டன் மாநகரம் ஏன் எழுந்தது என்று கேட்டால், பன்னிரண்டு வயதிலேயே மூச்சு விடாமல் ஒப்புவிப்போம். வீட்டிலோ பெரியவர்கள், 1025-ம் ஆண்டில் இராஜேந்திர சோழன் கடல் கடந்து கடாரம் கொண்ட பெருமையைக் கதையாகச் சொல்வார்கள். ஆனால் மாதந்தவறாமல் நாம் சாமான் வாங்கப் போன கிள்ளான் பட்டணம் எப்படி உண்டாயிற்று, அந்த ஆற்றங்கரையில் ஏன் உண்டாயிற்று, அதை வளர்த்தவர் யார் என்பனவற்றைப் பள்ளியும் சொல்லவில்லை, வீடும் சொல்லவில்லை. சோழன் கப்பலேறி வந்ததை எண்ணி மார்தட்டுகிற நாம், நம் பாட்டன் எந்தக் கப்பலில் வந்தான், எந்தத் துறையில் இறங்கினான், முதற் சம்பளத்தில் என்ன வாங்கினான் என்று ஒரு நாளேனும் கேட்டதுண்டா?

நாம் தோட்டத்துக் காரியாலயத்தில் கணக்கெழுதும் கிராணி. ஊருக்கு வழி காட்டும் பண்டிதரல்லோம். ஆயினும் கணக்கெழுதுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. வரவு என்று ஓர் எண் கண்ணில் பட்டால், அது யார் கையிலிருந்து வந்தது என்று தேடுவான். அந்தப் பழக்கத்தைக் கொண்டே கிள்ளானின் சரித்திரத்தையும் பார்க்க முயல்கிறோம்.

நிலமும் ஆறும்

முதலில் நிலத்தைப் பார்ப்போம். கிள்ளான் ஆறு கோலாலம்பூருக்கு வடகிழக்கேயுள்ள மலைகளிற் பிறந்து, ஏறத்தாழ 120 கிலோமீட்டர் ஓடி மலாக்கா ஜலசந்தியிற் கலக்கிறது. கோலாலம்பூரில் கோம்பாக் ஆறு அதனோடு சேர்கிறது. அதன் பின்னர் மலை தாழ்ந்து, நிலம் விரிந்து, ஆறு வளைந்து வளைந்து மெல்ல நடக்கிறது. கடலை நெருங்க நெருங்கக் கரையிரண்டும் சேறும் சதுப்பும் கண்டல் மரக்காடுமாகி விடுகின்றன. கடலின் ஏற்றவற்றம் கிள்ளான் பட்டணம் வரையில் எட்டுகிறது. முகத்துவாரத்துக்கு எதிரே பூலாவ் கிள்ளான், பூலாவ் கெத்தாம், பூலாவ் இண்டா, கேரித் தீவு முதலிய தீவுகள் அலைக்கு வேலி கட்டினாற்போற் கிடக்கின்றன.

இந்த அமைப்பைப் புரிந்துகொண்டால் பட்டணம் அவ்விடத்தில் ஏன் எழுந்தது என்பது தானே விளங்கும். கடலிலிருந்து வரும் மரக்கலம் ஏற்றத்தோடு ஏறி வரத்தக்க இடமாகவும், சதுப்பு முடிந்து முதன்முதலாக மேடான நிலம் தென்படும் இடமாகவும் அது இருக்கிறது. மேட்டில் கோட்டை கட்டலாம். கீழே படகு கட்டலாம். ஆற்றுக்கு மேலே போகிறவனும் கீழே வருகிறவனும் அவ்விடத்தில் நின்றே ஆக வேண்டும். நின்றவனிடம் வரி கேட்கலாம். நின்றவன் பசிக்கு அரிசி விற்கலாம்.

சந்தை என்பது எங்கும் இப்படித்தான் பிறக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜர் ஆறு பாலைவனத்தைத் தொட்டாற்போல் வளையும் இடத்தருகே திம்புக்து என்னும் பழைய ஊர் இருக்கிறது. வடக்கேயிருந்து ஒட்டகங்கள் உப்பைச் சுமந்து வந்தன. தெற்கேயிருந்து தானியமும் பொன்னும் வந்தன. ஒட்டகத்தின் முதுகிலிருந்து படகுக்குச் சுமை மாறிய இடத்தில் சந்தை கூடிற்று, சந்தை பட்டணமாயிற்று. கிள்ளானிலும் அதுவே நடந்தது. கடற்கலத்திலிருந்து ஆற்றுப் படகுக்கும், பின்னர்ப் படகிலிருந்து ரயில் வண்டிக்கும், ரயிலிலிருந்து மாட்டு வண்டிக்கும் சுமை கைமாறிற்று. சுமை கைமாறும் இடத்தில் காசும் கைமாறும். ஆனால் சுமந்தவன் கையில் அந்தக் காசு எவ்வளவு தங்கிற்று என்பதே கேள்வி.

பழைய பெயர்

கிள்ளான் நேற்று முளைத்த ஊரன்று. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய வெண்கல மணிகள் இவ்வட்டாரத்தில் அகப்பட்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஜாவாவில் 1365-ம் ஆண்டில் இயற்றப்பட்ட நாகரகிரேதாகமம் என்னும் காவியம், மஜபாஹித் அரசுக்கு அடங்கியவையென்று சொல்லும் ஊர்களின் வரிசையில் கிள்ளானையும் வைத்திருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் மலாக்கா அரசின் பெரும் மந்திரியாக விளங்கிய துன் பேராக், அப்பதவிக்கு வருமுன் கிள்ளானின் தலைவராக இருந்தவர். பதினெட்டாம் நூற்றாண்டில் பூகிஸ் வமிசத்தார் சிலாங்கூரில் வலுப்பெற்று, 1766-ல் சுல்தான் ஆட்சியை நிறுவினர். ஆற்று வாயில் யார் வசமோ, உள்நாட்டு வெள்ளீயமும் அவர் வசம். ஆகையால் கிள்ளானைக் கைப்பற்றியவரே செல்வத்தின் திறவுகோலைக் கைப்பற்றினவரானார்.

1857-ம் ஆண்டில் கிள்ளான் தலைவர் ராஜா அப்துல்லா, ஈயம் தேடும்படி 87 சீனத் தொழிலாளரை ஆற்றின் மேலே அனுப்பினார். அவர்கள் கோம்பாக் கூடுமிடத்தில் இறங்கிக் காட்டைக் கடந்து அம்பாங்கை அடைந்தனர். சில வாரங்களுக்குள் 69 பேர் காட்டுக் காய்ச்சலுக்கு இரையாயினர். மீண்டும் ஆட்கள் அனுப்பப்பட்டனர், ஈயம் கிடைத்தது, கோலாலம்பூர் என்னும் ஊர் முளைத்தது. தலைநகரத்தைப் பெற்ற தாய் கிள்ளானே என்பதையும், அந்தப் பிரசவத்தில் மாண்டவர்கள் பெயரறியாக் கூலிகள் என்பதையும் வாசகர்கள் மறக்கலாகாது. அக்காலத்தில் ராஜா அப்துல்லா அரிசியும் ஈயமும் வைக்கக் கட்டிய கிடங்கு கிள்ளானில் இன்றும் நிற்கிறது. தலைவர் பெயர் கட்டடத்தின்மேல் இருக்கிறது. இறந்த 69 பேருக்கு ஒரு கல்லும் இல்லை.

நிற்க, செல்வம் வந்த இடத்துக்குச் சண்டையும் வந்தது. 1866-ல் கிள்ளானின் வரி வசூல், சிங்கப்பூர் வர்த்தகர்களான ரீட், தான் கிம் செங் ஆகியோர்க்குக் குத்தகையாக விடப்பட்டது. ராஜா மஹ்தி வரி கொடுக்க மறுத்தார். 1867-ல் யுத்தம் மூண்டது. மஹ்தி கிள்ளான் கோட்டையைப் பிடித்தார். சுல்தான் அப்துல் சமாதின் மருமகனான கெடா இளவரசர் தெங்கு கூடின் அதை 1870-ல் மீட்டார். கோலாலம்பூரில் சீனத் தலைவர் யாப் ஆ லோய் கூடினுடன் நின்றார். 1873-ல் யுத்தம் ஓய்ந்தது. மறு ஆண்டிலேயே, அமைதி காக்கிறோம் என்று பிரிட்டிஷார் உள்ளே வந்தனர். அவர்களது ரெஸிடெண்ட் முதலில் அமர்ந்தது கிள்ளானில்தான். 1880-ல் தலைநகரம் கோலாலம்பூருக்கு மாறிற்று. கிள்ளான் அரச பரம்பரையின் ஊராகவும், துறைமுக ஊராகவும் நின்றது. யுத்தக் கதை நூல்களில் விரிவாக இருக்கிறது. ஆதலால் நாம் அதில் தங்கவில்லை.

ரயிலும் காய்ச்சலும்

கோலாலம்பூருக்கு ஆற்றின் வழியே படகைத் தள்ளிக்கொண்டு போக நாட்கள் பிடித்த காலம் 1886-ல் முடிந்தது. அவ்வாண்டில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு எதிர்க்கரையிலுள்ள புக்கிட் கூடா வரையில் ஏறத்தாழ 20 மைல் தூரத்துக்கு ரயில் பாதை திறக்கப்பட்டது. 1890-ல் பாதை ஆற்றைக் கடந்து பட்டணத்துக்குள் வந்தது. பிரிக்பீல்ட்ஸில் சுட்ட செங்கல் கோலாலம்பூரைக் கட்டியதென்றால், அதே பிரிக்பீல்ட்ஸில் குடியேறிய இந்திய, யாழ்ப்பாண ரயில்வே சிப்பந்திகளே இந்தப் பாதையில் வண்டியை ஓட்டியவர்களும், சீட்டுக் கொடுத்தவர்களும், தண்டவாளத்தைச் செப்பனிட்டவர்களும் ஆவர்.

ஆற்றுத் துறையில் பெரிய கப்பல்கள் நிற்க இயலாமையால், கடல்முகத்தில் புதிய துறைமுகம் கட்டி 1901-ல் திறந்து, போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயரிட்டனர். 1972-ல் அது போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாற்றம் பெற்றது. துறைமுகம் திறந்த சிறிது காலத்துக்குள் மலேரியாக் காய்ச்சல் சிப்பந்திகளையும் தொழிலாளரையும் வாரிச் சென்றது. துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. அப்போது கிள்ளான் ஜில்லா வைத்தியராக வந்தவர் மால்கம் வாட்சன். மலேரியாவைப் பரப்புவது கொசுவே என்பதற்கான தடயத்தை 1897-ல் சிக்கந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டறிந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. வாட்சன் அதை நம்பிச் சதுப்பை வடித்தார், காட்டை வெட்டினார், கால்வாய் வெட்டுவித்தார். காய்ச்சல் வியக்கத்தக்க அளவில் குறைந்தது. மலேரியா ஒழிப்பில் உலகத்துக்கு வழிகாட்டிய முதல் வெற்றிகளுள் ஒன்று நம் கிள்ளானில் கிடைத்ததாகும்.

இதில் நாம் கற்க வேண்டிய பாடம் பெரிது. அக்காலத்துத் தோட்டங்கள் சிலவற்றில் ஓராண்டுக்குள் பத்தில் ஒருவர்க்கு மேல் மாண்டதுண்டு. அதைத் தலைவிதி என்றனர், தெய்வ கோபம் என்றனர், கோழி அறுத்தனர், தாயத்துக் கட்டினர். விதியும் கோபமும் மாறவில்லை. தேங்கிய தண்ணீர் வடிந்தது, சாவு குறைந்தது. ஒரு சாக்கடை செய்ததை ஆயிரம் நேர்த்திக்கடன் செய்யவில்லை. அறிவைப் போற்றுவோர் கிள்ளானைக் கடக்கும்போது அதை நினைக்கக் கடவர்.

காப்பியும் ரப்பரும் நம்மவரும்

ஈயத்தின் பட்டணமாயிருந்த கிள்ளான் விளைநிலத்தின் பட்டணமாக மாறியது 1890-க்குப் பிறகாகும். இலங்கையிற் காப்பிச் செடி இலைநோயால் அழிந்தபோது, அங்கிருந்த துரைமாரிற் சிலர் இங்கு வந்து காப்பி பயிரிட்டனர். அடுத்த சில ஆண்டுகளில் பிரேசில் தேசத்து விளைச்சல் பெருகிக் காப்பி விலை சரிந்தது. அந்தச் சரிவிலிருந்து அவர்களைக் காத்தது ரப்பர். 1877-ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வந்த சில கன்றுகளின் சந்ததி, கிள்ளான் ஜில்லாவின் தாழ்ந்த நிலத்தில் காடாக வளர்ந்தது. புக்கிட் ராஜா, ஹைலண்ட்ஸ், வல்லம்புரோசா, சுங்கை ரெங்கம் முதலிய தோட்டங்களின் பெயர் லண்டன் பங்கு மார்க்கெட்டில் ஒலித்தது. 1910-ல் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல் விற்றது. காரோட்டும் உலகமெல்லாம் நம் கிள்ளான் பாலில் உருண்டது எனலாம்.

அந்தப் பாலை வடித்தவர் யார்? தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து நாகப்பட்டணத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம்மவரே. முதலில் ஒப்பந்தக் கூலியாக வந்தனர். அம்முறை 1910-க்குப் பின் ஒழிந்தது. கங்காணி ஊருக்குப் போய் உறவினரையும் சாதியாரையும் திரட்டி வரும் முறை ஓங்கிற்று. கூலியாட்களை அனுப்பும் அம்முறையை இந்திய சர்க்கார் 1938-ல் நிறுத்தினர். வந்தவருள் பலர் இறங்கியது போர்ட் சுவெட்டன்ஹாமில். தடுப்பு முகாமில் நாட்களைக் கழித்து வெளியே வந்து, அவர்கள் முதலிற் கண்ட பட்டணம் கிள்ளான்.

விலை ஏறியபோது லாபம் லண்டனுக்குப் போயிற்று. விலை இறங்கியபோது நஷ்டம் லயத்துக்கு வந்தது. 1932-ல் ஒரு ராத்தல் ரப்பர் இரண்டு பென்ஸுக்கும் கீழே போன காலத்தில், பல்லாயிரம் பேர் வேலையிழந்து திரும்பவும் கப்பலேற்றப்பட்டனர். லாபத்துக்குப் பங்காளியல்லாதவன் நஷ்டத்துக்கு மட்டும் பங்காளியானான்.

இரண்டு கடைகள்

இனிச் சந்தைக்கு வருவோம். தோட்டத் தொழிலாளிக்கு இரண்டு கடைகள் இருந்தன. ஒன்று தோட்டத்துக் கடை. அது லயத்தின் வாசலிலேயே இருந்தது. பல இடங்களில் கங்காணியுடையதாகவோ, அவருக்கு வேண்டியவருடையதாகவோ இருந்தது. அங்கே காசு வேண்டியதில்லை. பெயர் சொன்னாற் போதும். அரிசி, பருப்பு, கருவாடு, புகையிலை எல்லாம் பற்றில் எழுதப்படும். விலை கேட்கும் வழக்கமில்லை. கேட்டாலும் வேறு கடையில்லை. சம்பள நாளில் கையில் விழும் காசு, கைரேகை காயுமுன் கடைக்காரன் பெட்டிக்குப் போகும். மிச்சம் கள்ளுக்கடைக்குப் போகும். இப்படி ஒருவன் பத்தாண்டு உழைத்தும் கடனாளியாகவே இருந்தான். இரும்பு விலங்கை உடைக்கலாம். பற்றேட்டு விலங்கை எழுதப் படிக்கத் தெரியாதவன் எப்படி உடைப்பான்?

மற்றொன்று பட்டணத்துக் கடை. அதற்குக் காப்பார்ச் சடக்கில், பந்திங் சடக்கில், பத்து தீகாச் சடக்கில் பல மைல் நடக்க வேண்டும். ஆயினும் சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையில் விடியுமுன்னே அந்தச் சடக்குகளில் மக்கள் வரிசை வரிசையாக நடந்தனர். துவைத்த வேட்டியும், பெட்டியிலிருந்து எடுத்த சேலையும், எண்ணெய் தடவிய தலையுமாகப் பிள்ளைகள் நடுவில் நடந்தன. பட்டணத்தில் சீனர் கடையில் கத்தியும் மண்வெட்டியும் கோப்பையும் தொங்கின. தமிழ் முஸ்லிம்களின் கடையில் துணியும் மளிகையும் இருந்தன. செட்டியார் கிட்டங்கியில் வட்டிக்குப் பணம் இருந்தது. கம்பத்து மலாய்க்காரர் வாழைக்குலையும் இளநீரும் டுரியானும் கொண்டு வந்து தரையிற் பரப்பினர். மீன் கடற்கரையிலிருந்து வந்தது. ஒருவன் தான் வேண்டாத விலையைக் கேட்டால், "வேண்டாம்" என்று சொல்லி அடுத்த கடைக்குப் போகலாம். இந்த "வேண்டாம்" என்னும் சொல்லைத் தோட்டத்தில் அவன் யாரிடமும் சொன்னதில்லை.

இதுவே நாம் இக்கட்டுரையிற் சொல்ல விரும்புவதன் சாரம். பட்டணம் நம்மவர்க்குச் சாமான் விற்ற இடம் மட்டுமன்று. ஆறு நாள் பெயரின்றிப் பெரட்டுக் களத்தில் நின்றவன், ஏழாம் நாள் "வாங்க, என்ன வேணும்?" என்று மரியாதையாகக் கேட்கப்பட்ட இடம் அது. தபாலாபீஸில் ஊருக்கு மணியார்டர் அனுப்பினான். தான் ஒரு குடும்பத்தின் தலைவன் என்று உணர்ந்தான். போட்டோக் கடையில் நாற்காலியில் உட்கார்ந்தான். தோட்டத்தில் யார் முன்னும் அவன் உட்கார்ந்ததில்லை. முடி திருத்தும் கடையில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்டனர். 1924-ல் தோன்றிய தமிழ் நேசனும், 1935-ல் தோன்றிய தமிழ் முரசும் எழுத்தறியாதவர் காதிலும் இப்படித்தான் ஏறின. வேறொரு தோட்டத்தான் தன் தோட்டத்துக் கூலியைச் சொன்னான். இவன் தன் கூலியைச் சொன்னான். இருவரும் ஒப்பிட்டுப் பார்த்தனர். தனித்தனி வேலிக்குள் இருந்தவரை அந்தக் கணக்கு யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. சந்தையில் கூடின பின்பே, தம் துன்பம் தம் விதியன்று, ஓர் ஏற்பாடு என்பது தெரிந்தது.

சைக்கிளை விட்டு இறங்கு

அந்தத் தெளிவு 1941-ல் வெளிப்பட்டது. யுத்தத்தால் ரப்பர் விலையும் சாமான் விலையும் ஏறின, கூலி ஏறவில்லை. கிள்ளான் ஜில்லா இந்தியர் சங்கம் தொழிலாளரைத் திரட்டிற்று. அதன் முன்னணியில் நின்றவர் தமிழ் நேசனிற் பணிபுரிந்த ஆர். எச். நாதன். அவ்வாண்டின் முற்பகுதியில் கிள்ளானைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வேலை நிறுத்தம் பரவிற்று. அவர்கள் கேட்டவற்றைப் பாருங்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, முறையான வைத்தியம், பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், நீண்ட வேலை நேரத்தைக் குறைத்தல், பெண்களிடம் துரைமாரும் கிராணிமாரும் முறைகேடாக நடப்பதை நிறுத்துதல், உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் வந்துபோக உரிமை, சங்கம் வைக்கவும் பேசவும் கூடவும் உரிமை.

அந்தப் பட்டியலில் இன்னும் ஒன்று இருந்தது. துரையையோ கிராணியையோ கண்டால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டுமென்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது அது. கூலிக்கும் கல்விக்கும் நடுவே இதை ஏன் எழுதினார்கள் என்று சிலர் வியக்கலாம். நாம் வியக்கவில்லை. சைக்கிள் என்பது தொழிலாளி தன் சொந்தக் காசில் பட்டணத்தில் வாங்கிய முதல் பெரிய பொருள். சந்தைக்கும் லயத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைத்த பொருள். பட்டணத்தில் மனிதனாக ஏறி உட்கார்ந்தவனைத் தோட்டத்து வாசலில் கூலியாக இறக்கிய வழக்கத்தையே அவர்கள் எதிர்த்தார்கள்.

மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டுப் பின்னர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். அவரை விடுவிக்கும்படி மீண்டும் கிளர்ச்சி எழுந்தது. சர்க்கார் அவசர நிலையைப் பிரகடனம் செய்து பட்டாளத்தை இறக்கினர்; அதில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர். துப்பாக்கிப் பிரயோகத்தில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர், பலர் சிறைப்பட்டனர், பலர் நாடு கடத்தப்பட்டனர். அவ்வாண்டு முடிவதற்குள் ஜப்பானியர் வந்தனர். இறங்க மறுத்தவர்களில் எத்தனை பேர் பின்னர்ச் சயாம் ரயில் பாதையில் எலும்பாயினரோ, அதைக் குறித்து வைத்த ஏடு இல்லை.

இங்கே நம்மைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். நம் பாட்டனார் காப்பார்ச் சடக்கிலுள்ள ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 1941-ல் அவர் சிறு பையன். நாம் குழந்தையாயிருந்தபோது நம்மைச் சைக்கிளின் பின்னே உட்கார வைத்துக் கடைக்கு அழைத்துப் போவார். எதிரே முழுக்காற்சட்டையும் சப்பாத்தும் அணிந்த எவர் வந்தாலும், அவர் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பார். அப்போது துரையும் இல்லை. இறங்கு என்று சொல்வாரும் இல்லை. தம் தகப்பனார் இறங்குவதைக் கண்டு கற்றது அவர் காலில் நின்றுவிட்டது. நமக்குக் கிராணி வேலை கிடைத்த அன்று அவர் கண் கலங்கி மகிழ்ந்தார். பின்பு மெல்ல, "ஐயா, சைக்கிளில் வர்றவனை இறங்க வைக்காதே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். தொழிலாளரின் கோரிக்கைப் பட்டியலில் கிராணி என்னும் நம் உத்தியோகத்தின் பெயரும் இருந்ததைப் பல ஆண்டுகள் கழித்துச் சரித்திர நூலிற் படித்தபோதுதான் அச்சொல்லின் கனம் நமக்கு விளங்கிற்று. இரண்டு ஆங்கில வார்த்தையும் ஒரு மேசையும் கிடைத்தவுடன் சொந்த இனத்தானைச் சைக்கிளிலிருந்து இறக்கியவர்கள் நம்மைப் போன்றவர்களே. அந்த வெட்கத்தை மறைத்து எழுதும் சரித்திரம் சரித்திரமாகாது.

பாலமும் புதுப் பட்டணமும்

1908-ல் கட்டப்பட்ட பெல்ஃபீல்ட் பாலம் யுத்த காலத்தில் அழிந்தது. அதற்குப் பதிலாக 1950-களின் பிற்பகுதியில் வேலை தொடங்கி எழுந்ததே கோத்தா பாலம். அது இரண்டு தட்டுகளையுடையது. மேல்தட்டு மோட்டார் வண்டிகளுக்கு. கீழ்த்தட்டு நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்க்கும். சைக்கிளில் வந்தவன் யார்க்கும் ஒதுங்காமல், இறங்காமல், தனக்கென்றே கட்டிய பாதையில் ஆற்றைக் கடந்தான். கட்டிய எஞ்சினீயர் அதை எண்ணியிருக்க மாட்டார்; நாம் எண்ணுகிறோம். பின்னர்ப் புதிய பாலம் வந்து மேல்தட்டில் வண்டிகள் ஓய்ந்தன. கீழ்த்தட்டில் மனிதர் இன்னும் நடக்கின்றனர்.

சுதந்திரத்துக்குப் பின் பட்டணம் தோட்டத்தை விழுங்கத் தொடங்கிற்று. 1974-ல் கோலாலம்பூர் மத்திய சர்க்காரைச் சேர்ந்தபோது கிள்ளான் மீண்டும் சிலாங்கூரின் தலைநகராயிற்று. 1978-ல் அப்பெருமை ஷா ஆலமுக்குப் போயிற்று. ஷா ஆலம் எழுந்தது சுங்கை ரெங்கம் தோட்டத்து நிலத்தில். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீட்டு வரிசை வந்தது. புக்கிட் ராஜா என்னும் தோட்டப் பெயர் இன்று வீடு விற்கும் விளம்பரப் பலகையில் மின்னுகிறது. 2024 பிப்ரவரியில் கிள்ளான் மாநகராகப் பிரகடனம் செய்யப்பட்டது. தெங்கு கிளானாச் சாலையில் தீபாவளிக் காலத்துக் கூட்டத்தைக் காண வெளியூரிலிருந்தும் வருகிறார்கள். அங்கே விற்கும் பட்டுக்கும் பலகாரத்துக்கும் முன்னோடி, காப்பார்ச் சடக்கில் விடியலில் நடந்த அந்தக் கால்களே.

இன்றைய ஞாயிற்றுக்கிழமை

சந்தை இன்னும் கூடுகிறது. கூடுகிறவர் மட்டும் மாறியிருக்கிறார்கள். இன்று நம் தோட்டத்துச் செக்ரோலில் தமிழ்ப் பெயர் அருகி விட்டது. இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள் செம்பனைக் குலை வெட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமையில் அவர்களும் துவைத்த சட்டை அணிந்து கிள்ளானுக்கு வருகிறார்கள். வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள். கைப்பேசியில் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறார்கள். ஏஜெண்டுக்குக் கொடுத்த கடனைக் கணக்கிடுகிறார்கள். நாம் முன்பு வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் அவர்களுடைய பாஸ்போர்ட்டுகள் இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்கப்பட்டிருந்தன; சாவி நம் மேசையில் இருந்தது. பாதுகாப்புக்காக என்று சொன்னார்கள். நம் பாட்டனைப் பற்றேட்டில் கட்டியவர்களும் வசதிக்காக என்றுதான் சொல்லியிருப்பார்கள். இதைப்பற்றி நாம் மேலதிகாரியிடம் வாய் திறக்க இரண்டு ஆண்டு பிடித்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

அதே ஞாயிற்றுக்கிழமையில் நம்மவர் சிலர் அவர்களைக் கண்டு முகம் சுளிப்பதையும், "இவங்க வந்து ஊரே கெட்டுப் போச்சு" என்பதையும் காதாரக் கேட்கிறோம். நூறு ஆண்டுக்கு முன் இதே தெருவில் நம் பாட்டனைப் பார்த்து இதே சொல்லை யாரோ வேறொரு பாஷையிற் சொல்லியிருப்பார்கள். சரித்திரம் தெரியாதவன் தன் பாட்டனை வைததை அறியாமலே வைகிறான்.

ஆதலால் வாசகர்களை இரண்டு காரியங்கள் வேண்டுகிறோம். பழைய செக்ரோல்களும் பற்றேடுகளும் காரியாலயக் கிடங்குகளிற் செல்லரித்துக் கிடக்கின்றன. தோட்டம் விற்கப்படும்போது அவை குப்பையோடு எரிக்கப்படுகின்றன. கிராணிமார் அவற்றைக் காப்பாற்ற முயலட்டும். பள்ளிப் பிள்ளைகள் தத்தம் பாட்டிமாரிடம் முதற் சம்பளத்தில் என்ன வாங்கினார்கள் என்று கேட்டு எழுதி வைக்கட்டும். இது ஒன்று. மற்றது எளிது, ஆனால் கடினம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் கடைத்தெருவில் ஓர் அந்நியத் தொழிலாளி நம் எதிரே ஒதுங்கி நின்றால், நாம் ஒதுங்கி அவனுக்கு வழி விடுவோம். நம்மை ஒரு காலத்தில் மனிதராக நடத்திய பட்டணத்துக்கு நாம் பட்ட கடனில் ஒரு தவணையாவது அப்படித் தீரட்டும்.